ஒன்பது முத்துக் கிரீடத்தைப் பிரித்த துறை

எங்கள் ஊர் பெர்த்தோலாவில் யாரை நிறுத்தி என் அண்ணி செகொந்தினாவைப் பற்றிக் கேட்டாலும், "பிரபுவோட கிரீடத்தையே பிரிச்சுப் போட்டாளே, அவதானே?" என்பார்கள். அதற்கு மேல் அவர்கள் சொல்வதில் பாதிக்குப் பாதி புளுகு. அந்தக் கதையில் நானும் இருக்கிறேன், அதுவும் பெருமைப்படும் இடத்தில் இல்லை. கண்டவன் வாயில் விழுவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

என் பெயர் பத்திஸ்தின். வண்டிக்காரன். துரின் நகரத்தின் அழுக்குத்துணி திங்கட்கிழமை என் வண்டியில் ஏறி எங்கள் ஊருக்கு வரும். வெளுத்த துணி சனிக்கிழமை திரும்பிப் போகும். கால்வாய் ஓரமாக ஊருக்கு முப்பது சலவைத் துறைகள். நான் மூன்று துறைகளுக்கு வண்டி ஓட்டினேன். ஒன்று அண்ணியுடையது, ஒன்று கௌதென்சியோவுடையது, மூன்றாவது ஊர்க்கோடியில் இரண்டு கன்னிச் சகோதரிகளுடையது. துறைக்காரர்களுக்கு எழுத்து வராது. நகரத்து வீடுகளின் காரியஸ்தர்கள் சொல்வதை வண்டிக்காரன் கேட்டுவந்து துறையில் சொல்ல வேண்டும். இந்த விரிப்பில் ஒயின் கறை, அந்தச் சட்டைக்குக் கஞ்சி குறைவு, பெரியம்மாவின் உள்பாவாடையில் நாடா அறுந்திருக்கிறது என்று எல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும். துணியை எவனும் சுமப்பான். சேதியைச் சிந்தாமல் சுமப்பவனுக்குத்தான் எங்கள் ஊரில் வண்டிக்காரன் என்று பெயர்.

அண்ணி பத்தொன்பது வயதில் என் அண்ணன் சென்சினைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் அப்பன் ஸ்தூரா ஆற்றில் மணல் அள்ளுகிறவன். சலவை வேலை ஒன்றுமே தெரியாது. வந்த முதல் வாரம் வெள்ளாவித் தொட்டியில் துணிக்கு மேலே போட வேண்டிய சாம்பலை அடியில் கொட்டிவிட்டாள். ஊரே சிரிப்பாய்ச் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மறு வருஷம் சிரித்தவர்கள் துவைத்துவந்த நகரத்து வீடுகளில் நான்கை அவள் துறைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பதில் ராஜா லொம்பார்தியைப் பிடிக்கச் சண்டைக்குப் போனார். அண்ணன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டுக் குலுக்கலில் சின்ன எண் எடுத்து அவரோடு போனான். ராஜாவுக்கு மிலான் கிடைத்தது. எங்களுக்கு அண்ணனின் இடுப்புவார் மட்டும் திரும்பி வந்தது. அவள் மூன்று நாள் அழுதாள். வாய்விட்டு, அக்கம்பக்கம் எல்லாம் கேட்க அழுதாள். நான்காம் நாள், துறை இனி தம்பி பத்திஸ்தினுக்குத்தான் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்தாள்.

"தம்பி, ஜனவரி மாசம் இடுப்பளவு தண்ணியில நின்னு படுக்கைவிரிப்பு பிழிவியா?" என்று கேட்டாள்.

"எனக்கு முட்டிவலி அண்ணி," என்றேன்.

"கேட்டுக்கிட்டீங்களா? அவன் முட்டிக்குத் துறை வேணாமாம். நான் பாத்துக்கறேன்."

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. முட்டி நன்றாகத்தான் இருந்தது. குளிருக்குப் பயந்து சொன்னேன். அவளுக்கும் அது தெரியும்.

அவளிடம் வந்த வீடுகள் சாதாரண வீடுகள் இல்லை. மந்திரிகள், செனட்டர்கள், வெளிநாட்டுத் தூதர்கள் என்று பெரிய இடத்து வீடு மட்டும் பதினேழு. இத்தாலி என்கிற ராஜ்யத்தைத் துண்டு துண்டாக ஒட்டிய ஆட்கள் அத்தனை பேரின் அழுக்கும் அவள் கைவழியாகப் போனது. பத்திரிகைக்காரனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். பொஸ்காரெல் என்று ஒரு மந்திரி இருந்தார். சின்னச் சின்ன சமஸ்தானங்களை மேஜையில் உட்கார்ந்து பேசியே ராஜாவின் பக்கம் சேர்த்தவர். அவருக்கு யோசிக்கும்போது வலது கைப்பட்டியின் நுனியைக் கடிக்கும் பழக்கம். மோதெனா சமஸ்தானம் சேர்ந்த வாரம் அவருடைய ஆறு சட்டையும் கந்தல். அண்ணி அவற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மனுஷன் தூங்கவே இல்ல போல. ராஜா மட்டும் நல்லாத் தூங்கியிருப்பார்," என்றாள்.

இன்னொரு செனட்டர் சபையில் சிங்கம் மாதிரி கர்ஜிப்பார் என்று நகரமே கொண்டாடும். அவர் சட்டையின் முதுகுப்பக்கம் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். பயந்தவனின் வியர்வை முதுகில்தான் இறங்கும் என்பது அண்ணியின் தீர்ப்பு. இதையெல்லாம் துறைக்குள் பேசுவாள், சிரிப்பாள். வெளியே ஒரு வார்த்தை போகாது. துணி சொன்னதைத் தெருவில் சொல்கிற துறைக்காரியிடம் யாரும் துணி போடமாட்டார்கள் என்று அவளிடம் வேலை செய்த நான்கு பெண்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள். அந்த நான்கில் ஒருத்தி என் பெண்டாட்டி அப்பொலோனியா.

குறியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒவ்வொரு வீட்டுத் துணியின் மூலையிலும் துறைக்காரி சிவப்பு நூலால் ஒரு குறி தைப்பாள். ஒரு வீட்டுக்கு இரண்டு கோடு, ஒரு வீட்டுக்கு ஏணி, ஒரு வீட்டுக்குக் கோழிக்கால். சிவப்பு நூல்தான் சாம்பல் நீருக்கு அசையாது. எந்தெந்த வீடு தன்னிடம் இருக்கிறதோ அத்தனை குறியையும் ஒரு நீளத் துணியில் தைத்து வைத்திருப்பாள். அதுதான் அவளுடைய மரியாதை. வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போனால் குறியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு வீடு துறையை மாற்றினால், புதியவள் முதல் வேலையாகப் பழைய குறியைப் பிடுங்கி எறிவாள். உன் குறிக்குப் பக்கத்தில் இன்னொரு துறையின் குறி முளைத்திருந்தால், யாரோ ஒருத்தன் உன் வீட்டைத் திருடுகிறான் என்று அர்த்தம். இதற்காக எங்கள் ஊரில் மண்டை உடைந்திருக்கிறது.

அண்ணி ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். கால்வாயின் தலைப்பில் இருக்கும் முதல் துறைக்கு. அங்கே தண்ணீர் யார் அழுக்கும் படாமல் வரும். அதற்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் மேலே இருப்பவன் துவைத்த தண்ணீரில்தான் துவைக்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை, புனித மார்த்தின் நாளன்று, கால்வாய்க்காரர்கள் சார்பில் பத்திரம் எழுதும் நொத்தாரி ரவெத்தோ அதை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பார். கேட்பவரிடம் நாற்பது வீட்டுக் குறி இருக்க வேண்டும். அந்த வருஷத்தில் துறையின் தவறால் எந்த வீட்டுத் துணியும் கெட்டிருக்கக் கூடாது. கௌதென்சியோ இரண்டு தடவை, பதினெட்டு வருஷம் அதை வைத்திருந்தான். அடுத்த முறை அறுபத்தைந்தாம் வருஷம் நவம்பரில். எந்தப் பெண்பிள்ளையும் அதுவரை கேட்டதே இல்லை.

"நான் கேக்கப் போறேன்," என்று அவள் ஒரு வருஷத்துக்கு முன்பே கிணற்றடியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

கௌதென்சியோ மீசையைத் தடவினான். "கேளு, கேளு. கேக்கறதுக்கு யாரும் காசு வாங்கறதில்ல."

அவள் சொன்ன அதே மாதம்தான் தலையில் இடி விழுந்தது. தலைநகரை துரினிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு மாற்றுகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. நகரம் கொதித்துப் போயிற்று. சதுக்கத்தில் கூடிய கூட்டத்தின் மேல் பட்டாளத்தார் சுட்டார்கள், பலர் செத்தார்கள். அந்த வாரம் வந்த சட்டைகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அண்ணி அவற்றைக் குளிர்ந்த நீரில் உப்புப் போட்டுத் தானே தனியாக அலசினாள். அன்றைக்கு மட்டும் துறையில் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் ஒப்பாரிதான். துரின் செத்தது, பெர்த்தோலாவும் செத்தது என்றார்கள். கௌதென்சியோ மட்டும் தெம்பாக இருந்தான். "ராஜா துரின்ல பொறந்தவர். அங்க போய் அந்த எண்ணெய்ச் சோத்தைத் தின்னுட்டு எத்தனை நாள் இருப்பார்? கார்னிவல் திருவிழாவுக்குத் திரும்பி வந்துடுவார், எழுதி வெச்சுக்க," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். தன்னிடமிருந்த பெரிய வீடுகளின் குறியைத் தன் குறித்துணியிலிருந்து அவன் பிரிக்கவும் இல்லை, புதிய வீடு தேடவும் இல்லை.

அண்ணியின் கணக்கு வேறு. அவளிடம் நாற்பத்து மூன்று வீடு. பதினேழு போனால் மிச்சம் இருபத்தாறு. "மந்திரி போனா போகட்டும் தம்பி. சட்டை போடறவன் எல்லாமா அவர் பின்னாடி போயிடுவான்? இந்த ஊர்ல வக்கீல் இல்லையா, டாக்டர் இல்லையா, நாடகக் கொட்டகையில பாடறவன் இல்லையா?" என்றாள். வியாழக்கிழமைதோறும் நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு நடந்தே போவாள். பின்கதவைத் தட்டுவாள். தான் வெளுத்த கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டுவாள், வேறு பேச்சில்லை. மே மாதத்துக்குள் ஐந்து வீடு பிடித்துவிட்டாள். முப்பத்தொன்று ஆயிற்று.

இனி என் பங்கு வருகிறது.

பொஸ்காரெலை அதற்குள் ராஜா பிரபு ஆக்கியிருந்தார். சமஸ்தானங்களைச் சேர்த்துக் கொடுத்ததற்குக் கைம்மாறு. பிரபுவுக்கு ஒன்பது முத்து வைத்த கிரீடம் சின்னம். ஃபிளாரன்ஸில் புதிய மனிதர்கள் முன்னால் விருந்து வைக்கும்போது கண்ணில் பட வேண்டும் என்று, பிரபு வீட்டம்மா மொத்தத் துணியிலும் அந்தக் கிரீடத்தைப் பின்னச் சொல்லியிருந்தாள். கன்னியாஸ்திரீகள் பதினைந்து நாள் உட்கார்ந்து பின்னினார்கள். சிவப்பு நூலில், துணியின் மூலையில்.

திங்கட்கிழமை நான் போனபோது வீட்டுக் காரியஸ்தர் அன்செல்மோ சேதியைத் தெளிவாகத்தான் சொன்னார். இன்றைக்கும் ஒரு எழுத்து மாறாமல் சொல்வேன்.

"சனிக்கிழமை ரயில்ல ஏத்தணும், வெள்ளிக்கிழமையே துணி வேணும். உங்க துறைக் குறியைப் பிரிச்சிடுங்க. ஆனா மூலையில பிரபுவோட கிரீடம் புதுசாப் பின்னியிருக்கு. அதுல கை படாம பதமா அலசச் சொல்லு. மறந்துடாத பத்திஸ்தின்."

"நான் என்னிக்கு மறந்தேன் ஐயா?" என்றேன்.

திரும்பும் வழியில் பலாத்சோ வாசல் சந்தையை ஒட்டிய ஒயின்கடையில் நின்றேன். ரொட்டிக் கடைக்காரன் ஒருத்தன் மந்திரிகளுக்குப் பரிந்து பேசிக்கொண்டிருந்தான். தலைநகர் மாறுவது நாட்டுக்கு நல்லதாம். எனக்கு வந்ததே கோபம். அண்ணன் செத்ததிலிருந்து ஆரம்பித்து அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன். இரண்டு குவளை உள்ளே போயிற்று. ஊருக்கு வந்தபோது ஃபிளாரன்ஸ் ஞாபகம் இருந்தது, வெள்ளிக்கிழமை ஞாபகம் இருந்தது, குறியைப் பிரிக்க வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. கிரீடம் எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது.

வியாழக்கிழமை அண்ணி வீடு தேடி நகரத்துக்குப் போயிருந்தாள். வெளுத்துக் காய்ந்த முந்நூறு உருப்படியை மடியில் போட்டுக்கொண்டு நான்கு பெண்களும் குறி பிரிக்க உட்கார்ந்தார்கள். நான் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பொலோனியா ஒரு மேஜைவிரிப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன கண்றாவி? நம்ம குறிக்குப் பக்கத்துல ஒரு வளையம், மேல வரிசையா ஒம்பது புள்ளி. எல்லாத்துலயும் இருக்கு."

கௌதென்சியோவின் குறிகள் எல்லாமே புள்ளி வரிசைகள்தான். ஊருக்கே தெரியும். எனக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கத் தோன்றவில்லை.

"கௌதென்சியோ குறிதான், வேற யாரோடது? திருட்டுப் பய, நமக்குத் தெரியாம அந்த வீட்டுக்குள்ள பூந்திருக்கான். பிடுங்கிப் போடுங்க," என்றேன்.

"நல்லாப் பின்னியிருக்கே. கௌதென்சியோ பொண்டாட்டிக்கு இவ்வளவு கை வருமா?"

"காசு குடுத்துப் பின்னச் சொல்லியிருப்பான். பிடுங்குன்னா பிடுங்கு."

பிடுங்கினார்கள் பாருங்கள், அப்படி ஒரு பிடுங்கல். கௌதென்சியோ மேல் இருந்த பதினெட்டு வருஷ எரிச்சலையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். கன்னியாஸ்திரீகளின் பதினைந்து நாள் வேலை ஒரே மத்தியானத்தில் சிவப்புப் பஞ்சாகக் காலடியில் கிடந்தது. ஒரு ஓட்டைகூடத் தெரியாமல் நூலை உருவியிருந்தார்கள். அந்த மட்டும் என் பெண்டாட்டியின் கை சுத்தம்.

வெள்ளிக்கிழமை காலை துணியைக் கொண்டுபோய் இறக்கினேன். மத்தியானத்துக்குள் அன்செல்மோவே வாடகை வண்டி பிடித்து ஊருக்கு வந்துவிட்டார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. துறையில் எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொன்னார். "நான் சொல்லித்தானே விட்டேன்?" என்று அவர் என் பக்கம் திரும்புவதற்குள் அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்துவிட்டாள்.

"என் துறையில நடந்தது. நான் வந்து அம்மாகிட்ட பேசிக்கறேன். வண்டியில இடம் இருக்கா?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் பிழைப்பே என் வாய்தான். சேதியை மறந்த வண்டிக்காரன் என்று ஒரு தடவை பெயர் வந்தால் மூன்று துறையும் கைவிட்டுப் போகும். குதிரையை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே மட்டும் போனேன்.

பிரபுவின் வீட்டில் பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. சமையலறை வாசலில் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டேன். வீட்டம்மா ஒரு விரிப்பின் வெறும் மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யார் கை இது? அந்தப் பொம்பள பேரைச் சொல்லு."

"துறை என்னோடதும்மா. என் கைன்னே வெச்சுக்கோங்க."

"ராஜா கையால குடுத்த கிரீடம். தெரியுமா உனக்கு?"

"ராஜா குடுத்தது நூல் இல்லையேம்மா. கிரீடம் ஐயா தலையில பத்திரமாத்தான் இருக்கு. நூல்தான் போச்சு. ஒரு மாசம் தவணை குடுங்க, நாலு பேரோட உக்காந்து நானே பின்னித் தரேன். ஒரு காசு வேணாம்."

உள்ளே காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்த பொஸ்காரெல் பிரபு எழுந்து வந்தார். கைப்பட்டியின் நுனி கடிபட்டுத்தான் இருந்தது. "பிரிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒரு மத்தியானம் ஐயா."

"வாங்கறதுக்கு எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு," என்றார். சிரித்தாரா முறைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிக் காகிதக் கட்டுக்கே போய்விட்டார். வீட்டம்மா ஒரு மாதம் எல்லாம் தர முடியாது, மறுநாள் ரயில், இனிமேல் உன் முகத்தில் முழிக்கவே வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். வெளியே வந்த அண்ணி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அப்பொலோனியா அவளிடம் நடந்தது அத்தனையும் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வீட்டுச் சமையல்காரி கதையைச் சந்தைக்குக் கொண்டுபோனாள். ஒரே வாரத்தில் நகரம் முழுக்கப் பரவிவிட்டது. எங்களை நடுத்தெருவில் விட்டுப் போகிற மந்திரியின் கிரீடத்தை ஒரு சலவைக்காரி பிரித்து எறிந்துவிட்டாள் என்று காபிக் கடைகளில் குவளையை உயர்த்திக் குடித்தார்களாம். அதுவரை பின்கதவைத் திறக்காத வீடுகள் எல்லாம் என் வண்டியை நிறுத்தின. வக்கீல், பிஸ்கோத்துக் கடைக்காரர், ஒரு தொப்பி வியாபாரி. "கிரீடத்தைப் பிரிச்ச கைக்குத்தான் இனிமே எங்க துணி," என்றார்கள். இரண்டு மாதத்தில் இருபது வீடுகளுக்கு மேல் வந்தன.

அண்ணிக்குச் சந்தோஷமே இல்லை. கோபம்தான் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போனாள். "வேணும்னு செய்யல. தப்பா நடந்துபோச்சு. துணி குடுத்தவங்க எவ்வளவு கெட்டவங்களா இருந்தாலும் அவங்க துணியை நான் கெடுக்கமாட்டேன். இதைக் கேட்டதுக்கு அப்புறமும் போடறதா இருந்தா போடுங்க," என்று சொன்னாள். பாதிப் பேர் முகம் சுருங்கித் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பதினொரு வீடு நின்றது. நாற்பத்திரண்டு குறியோடு புனித மார்த்தின் நாளுக்குக் காத்திருந்தாள்.

அன்றைக்கு ஊர்ச் சாவடியில் புது ஒயினும் வறுத்த கஷ்கொட்டையும் மணத்தன. நொத்தாரி ரவெத்தோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கௌதென்சியோ தன் குறித்துணியை விரித்தான். நாற்பத்தெட்டு. அதில் இருபது ஃபிளாரன்ஸ் போன வீடுகள்.

"அவங்கதான் போயாச்சே," என்று அண்ணி சொன்னாள்.

"திரும்பி வருவாங்க," என்றான் கௌதென்சியோ.

நொத்தாரியும் அசல் துரின்காரர். ராஜா திரும்பி வரமாட்டார் என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? "வரலாம், வரலாம். குறி குறிதான்," என்று ஒத்துக்கொண்டார். பிறகு அண்ணியின் துணியை எண்ணினார். நாற்பத்திரண்டு சரியாக இருந்தது. இருவருக்கும் தகுதி உண்டு. இனி இரண்டாவது விதிதான் மிச்சம்.

"பொஸ்காரெல் வீட்டுக் கிரீடத்தைச் சொல்லுங்க ஐயா. அது துறையோட தப்பு இல்லையா?" என்று கௌதென்சியோ எடுத்துக் கொடுத்தான்.

நொத்தாரி அண்ணியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். முகம் எல்லாம் சிரிப்பு. "செகொந்தினா, நீ அதைக் கோபத்துல வேணும்னே செஞ்சதா இருந்தா, அது தப்புல சேராது. நகரத்துல பாதிப் பேர் அதே கோபத்துலதான் இருக்கோம். கோபத்தைப் பத்திரத்துல தவறுன்னு எழுத முடியாது. வேணும்னே செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, முடிச்சிடலாம்."

சாவடியில் எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சிலர் கைதட்டத் தயாராகவே இருந்தார்கள். ஒரு வார்த்தை. ஆறு வருஷம் பனித்தண்ணீரில் நின்றதற்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

"இல்லைங்க ஐயா," என்றாள் அண்ணி. "எனக்குக் கோபம் வந்தா அடுத்தவங்க துணியைக் கெடுப்பேன்னு ஆயிட்டா, நாளைக்கு எவன் எங்கிட்ட துணி போடுவான்? அது தப்புதான். என் துறையில நடந்த தப்பு."

நொத்தாரியின் முகம் தொங்கிவிட்டது. பேனாவை மையில் தோய்த்தார். கௌதென்சியோ மீசையைத் தடவ ஆரம்பித்தான். எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பொலோனியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

எழுந்தேன். "தப்பு துறையோடது இல்லைங்க. என்னோடது. கிரீடத்துல கை வைக்காதீங்கன்னு காரியஸ்தர் எங்கிட்ட சொல்லி அனுப்பினார். நான் குடிச்சிட்டு மறந்துட்டேன். பொம்பளைங்க கேட்டப்போ கௌதென்சியோ குறின்னு நான்தான் பிடுங்கச் சொன்னேன்."

ஒரு கஷ்கொட்டை அடுப்பில் வெடித்தது.

"இவன் அவளோட கொழுந்தன். அவ துறை ஆள்தான்," என்று கௌதென்சியோ சீறினான்.

"அப்படியா? இந்தப் பதினாலு வருஷமா உன் துணியையும் இவன்தானே சுமக்கறான். அப்ப இவன் உன் துறை ஆளும்தானா?" என்று நொத்தாரி கேட்டார். கௌதென்சியோவின் கை மீசையைவிட்டு இறங்கியது. வண்டிக்காரன் எந்தத் துறைக்கும் சேர்ந்தவன் இல்லை, துறையின் மேல் தவறு இல்லை என்று நொத்தாரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். நாற்பது வீட்டுக்கு மேல் குறி உள்ள இருவரில் நிஜமாகவே துணி வருகிற வீடுகள் யாரிடம் அதிகம் என்பதும் அப்போது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது போலும். முதல் துறை ஒன்பது வருஷத்துக்கு செகொந்தினாவுக்கு. இனி என் வண்டி வேண்டாம் என்று கௌதென்சியோ சாவடியிலேயே சொல்லிவிட்டான். கன்னிச் சகோதரிகள் மறுநாள் அதையே சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வாசலில் அண்ணியின் முன்னால் போய் நின்றேன். கட்டிப்பிடித்து அழுவாள், அல்லது கன்னத்தில் ஒன்று வைப்பாள் என்று நினைத்தேன். எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மே மாசத்துலேர்ந்து நவம்பர் வரைக்கும். ஆறு மாசம் ஆச்சா தம்பி உனக்கு?" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் வண்டியைப் பூட்டியபோது அவளே முன்பலகையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். துரின் வாசல் வந்ததும் இறங்கி வீடு வீடாகப் போய்ச் சேதி கேட்டது அவள்தான். நான் குதிரையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன். ஒன்பது வருஷமும் அப்படித்தான் நடந்தது.